இதயம் நின்றவருக்கு எக்மோ: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலுதவி வகுப்பு எடுக்கப் போகும் இடமெல்லாம், உப்புவெளியானாலும் கிண்ணியாவானாலும் மூதூரானாலும், சி.பி.ஆர் (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திக் கொடுக்கும் முதலுதவி) காட்டி முடிந்ததும் யாராவது ஒருவர் எழும்பி, "எக்மோ என்று ஒரு மெஷின் இருக்காமே, அதைப் போட்டால் செத்தவரும் எழும்புவாராமே?" என்று கேட்பார். அதோடு வகுப்பு குறித்த நேரத்துக்கு முடியாது. அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே ஒன்றாகப் போட்டு வைக்கிறேன்.

எக்மோ என்றால் ஜெயலலிதாவுக்குப் போட்டதுதானே?

அதுதான், இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை உடம்புக்கு வெளியே நின்று செய்யும் மெஷின். நம்மில் பலர் இந்தப் பெயரை முதன்முதலில் கேட்டதே 2016 டிசம்பரில்தான். சென்னையில் சிகிச்சையில் இருந்த ஜெயலலிதாவுக்கு 4ஆம் திகதி மாலை இதயம் நின்றது, எக்மோவில் இணைத்தார்கள், அடுத்த நாள் இரவு காலமானார். அப்புறம் 2020இல் எஸ்.பி.பாலசுப்ரமணியம். கோவிட்டால் நுரையீரல் பாதிக்கப்பட்டு வாரக்கணக்கில் எக்மோவில் இருந்தார், செப்டம்பர் 25இல் போய்விட்டார். இந்த இரண்டையும் பார்த்தவர்கள் "எக்மோ போட்டால் கதை முடிஞ்சுது" என்கிறார்கள், இரண்டு யூடியூப் வீடியோ பார்த்தவர்கள் அது செத்தவரை எழுப்பும் என்கிறார்கள். இரண்டும் சரியில்லை.

ஒரே மெஷின்தான், ஆனால் வேலை வேறு வேறு. நுரையீரல் கெட்டு இதயம் அடித்துக்கொண்டிருப்பவருக்குப் போடுவது ஒரு வகை. இதயமே நின்று, சி.பி.ஆரும் மின் அதிர்ச்சியும் மருந்தும் கொடுத்தும் திரும்பாமல், நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதே மெஷினில் இணைப்பது இன்னொரு வகை. இரண்டாவதை ஈ.சி.பி.ஆர் என்பார்கள். இந்தப் பக்கம் அதைப் பற்றித்தான்.

மாரடைப்பும் இதயம் நிற்பதும் ஒன்றுதானே?

இல்லை, இதைக் குழப்பிக்கொண்டால் மீதி எதுவும் விளங்காது. மாரடைப்பு வந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி, வியர்த்துக் கொட்ட, உங்களோடு கதைத்துக்கொண்டிருப்பார். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைபட்டிருக்கிறது, இதயம் இன்னும் அடிக்கிறது. இதயம் நின்றவர் விழுந்த சில விநாடிகளிலேயே நினைவிழப்பார், கூப்பிட்டால் பதில் வராது, மூச்சும் சரியாக இராது. மாரடைப்பு இதயத்தை நிறுத்திவிடலாம், பெரியவர்களில் அதுதான் முக்கிய காரணம்.

"நின்றது" என்றாலும் பல பேரில் அது அசையாமல் நிற்பதில்லை. கீழறைகள் தாளம் தப்பி நடுங்கிக்கொண்டிருக்கும், இரத்தம் வெளியே போகாது. இதை வி.எஃப் என்பார்கள். மின் அதிர்ச்சிக்குத் திரும்பக்கூடிய நிலை இதுதான். 2021 ஜூன் 12இல் கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்தில் விழுந்தது நினைவிருக்கும். அங்கேயே சி.பி.ஆர், ஒரே ஒரு மின் அதிர்ச்சி, ஆள் கண் திறந்தார். எக்மோ தேவைப்படவே இல்லை. அப்படித் திரும்புகிறவர்களை விட்டுவிடுங்கள். மூன்று அதிர்ச்சி கொடுத்தும் திரும்பாதவர்களுக்குத்தான் எக்மோ பேச்சே வருகிறது.

அந்த மெஷின் உள்ளே என்னதான் நடக்கிறது?

தொடை இடுக்கில் இருக்கும் பெரிய நாளத்துக்குள் (இதயத்துக்கு இரத்தம் திரும்பிப் போகும் வழி) ஒரு நீளமான குழாயை விட்டு, அதன் நுனி இதயத்தின் வலது மேலறைக்குக் கிட்டப் போகும் வரை தள்ளுவார்கள். பெரியவர்களுக்குப் போடும் குழாய் 7, 8 மில்லிமீட்டர் தடிப்பு இருக்கும். அதன் வழியாக ஒட்சிசன் இல்லாத இரத்தம் வெளியே வரும், கறுப்புக்குக் கிட்டிய சிவப்பு. நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடிய ஒரு பம்ப் அதை இழுத்து ஒட்சிசனேற்றிக்குள் தள்ளும். அதற்குள் முடி போல மெல்லிய உள்ளீடற்ற இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இழைக்குள்ளே வாயு ஓடும், வெளியே இரத்தம் ஓடும், இழைச் சுவரூடாக ஒட்சிசன் ஏறி காபனீரொட்சைட்டு இறங்கும். அதிலிருந்து வெளியே வரும் குழாயைப் பார்த்தால் இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழாய், இரண்டு நிறம், முதன்முறை பார்க்கிறவர்கள் அதையேதான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சிவப்பு இரத்தம் தொடை நாடி (இதயத்திலிருந்து இரத்தம் வெளியே போகும் வழி) வழியாக உடம்புக்குத் திரும்பும். நிமிடத்துக்கு 3 முதல் 5 லீட்டர் வரை, அதாவது நல்ல இதயம் ஓய்வில் செய்யும் வேலைக்குக் கிட்ட.

இதோடு ஒப்பிட்டால், சரியாகச் செய்யும் சி.பி.ஆர் கூட வழமையான இரத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. சி.பி.ஆரால் மூளை கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், ஆனால் மணிக்கணக்கில் அதையே செய்துகொண்டிருக்க முடியாது.

ஒன்று முக்கியம். எக்மோ எதையும் குணப்படுத்தாது. அடைபட்ட குழாய் அடைபட்டபடிதான் இருக்கும். உடம்பை உயிரோடு வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் அஞ்ஜியோ செய்து அடைப்பை எடுக்க வேண்டும், அல்லது நுரையீரலில் இருக்கும் இரத்தக்கட்டியைக் கவனிக்க வேண்டும், அல்லது விஷம் உடம்பை விட்டு இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். திருத்தக்கூடிய காரணம் இல்லையென்றால் மெஷினில் போட்டும் பயனில்லை.

நெஞ்சை அழுத்திக்கொண்டே எப்படிக் குழாய் போடுகிறார்கள்?

கஷ்டப்பட்டுத்தான். ஒருவர், அல்லது ஒரு இயந்திரம், நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்க முழு உடம்பும் குலுங்கும். அந்தக் குலுக்கத்துக்கு நடுவே இன்னொருவர் அல்ட்ராசவுண்ட் வைத்து நாளத்தையும் நாடியையும் தேடி ஊசி போட்டு, ஊசிக்குள்ளால் கம்பி விட்டு, துவாரத்தைப் படிப்படியாகப் பெரிதாக்கி, கடைசியில் குழாயை இறக்குவார். நாடித்துடிப்பு இல்லாததால் எது நாடி எது நாளம் என்று பிரித்தறிவதே ஒரு சோதனை. இரண்டு குழாயும் நாளத்துக்குள் போய்விட்ட சம்பவங்கள் உண்டு. இதற்கிடையில் வேறொருவர் மெஷினின் குழாய்களை சேலைன் விட்டு, ஒரு காற்றுக்குமிழும் இல்லாமல் நிரப்பி வைத்திருக்க வேண்டும். பழகிய குழு கால் மணித்தியாலம், இருபது நிமிடத்தில் முடித்துவிடும். பழகாத குழுவுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்கவே வேண்டாம்.

பாரிசில் இதை வீதியிலேயே செய்கிறார்கள், 2011 முதல். அம்புலன்ஸில் டொக்டர்மாரே வருகிற நாடு அது. லூவ்ர் அருங்காட்சியகத்துக்குள், ஓவியங்களுக்கு நடுவே ஒருவருக்கு எக்மோ போட்ட படம் உலகம் முழுக்கச் சுற்றியது. படம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாரிஸ் வட்டாரம் முழுவதன் பதிவுகளையும் எடுத்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், எக்மோ போட்டவர்களில் பிழைத்தவர்கள் 8.4 வீதம், போடாதவர்களில் 8.6 வீதம்.

அப்போ பலன் இல்லை என்கிறீர்களா?

அப்படி அவசரப்பட வேண்டாம். எக்மோ வரை போகிறவர்கள் ஏற்கனவே மிக மோசமான நிலையில் இருப்பவர்கள், அதனால் பதிவுகளை மட்டும் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த மூன்று ஆய்வுகள் இருக்கின்றன, மூன்றும் மூன்று விதமாகப் பேசுகின்றன.

அமெரிக்காவில் மினியாபொலிஸில் 2020இல் வந்தது முதலாவது. சேர்த்தது 30 பேரைத்தான். எக்மோ பக்கம் 14 பேரில் 6 பேர் உயிரோடு வீடு போனார்கள், வழமையான சிகிச்சைப் பக்கம் 15 பேரில் ஒரே ஒருவர். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். பிராக்கில் 256 பேரை வைத்துச் செய்தது 2022இல் வந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு மூளை நல்ல நிலையில் இருந்தவர்கள் 31.5 வீதத்துக்கு 22 வீதம். எக்மோ பக்கம் கூடத்தான், ஆனால் தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்ல அது போதவில்லை. 2023இல் நெதர்லாந்து. பத்து வைத்தியசாலைகள், 134 பேர், 20 வீதத்துக்கு 16 வீதம். ஏறக்குறைய வித்தியாசமே இல்லை.

ஏன் இப்படி? மினியாபொலிஸில் ஒரே குழு, இதையே தொழிலாகச் செய்கிறவர்கள், விழுந்ததிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் மெஷினை ஓடவிட்டார்கள். நெதர்லாந்தில் பல ஆஸ்பத்திரிகள், ஒவ்வொன்றிலும் சில நோயாளிகள்தான், மெஷின் ஓடத் தொடங்கும்போது 70 நிமிடம் தாண்டிவிட்டது. ஆகவே மெஷின் எல்லா இடத்திலும் ஒன்றுதான், குழுவின் கைப்பழக்கத்திலும் கடிகாரத்திலும்தான் வித்தியாசம் என்பது என் எண்ணம். உலகளாவிய பதிவேட்டில், ஆஸ்பத்திரிக்குள் நின்றவர்களையும் சேர்த்துப் பார்த்தால், ஈ.சி.பி.ஆர் போட்ட பெரியவர்களில் சுமார் 30 வீதம் பேர் வீடு திரும்புகிறார்கள்.

யாருக்குப் போடுவார்கள்? "உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது" என்று ஏன் சொல்கிறார்கள்?

ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும், ஆனால் பொதுவாகப் பார்ப்பது இவை. வயது 70க்குக் கீழே. விழுந்ததை யாராவது கண்ணால் கண்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் சி.பி.ஆர் தொடங்கி, இடைவிடாமல் நடந்திருக்க வேண்டும். முதல் ஈ.சி.ஜியில் அதிர்ச்சிக்குத் திரும்பக்கூடிய தாளம் இருந்தால் நல்லது. விழுந்ததிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் மெஷின் ஓட வேண்டும். முற்றிய புற்றுநோய் போல வேறு பெரிய வருத்தம் இருக்கக்கூடாது.

இது கல் மனசால் போட்ட சட்டம் இல்லை. இந்த எல்லைகளுக்கு வெளியே போட்டால் பெரும்பாலும் இதயம் திரும்பும், மூளை திரும்பாது. அந்த நிலையில் ஒரு குடும்பம் படும் பாட்டைப் பார்த்தவர்கள் "எப்படியாவது போடுங்கள்" என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, திருகோணமலையில் ஒருவர் விழுந்தால்?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கெடு 60 நிமிடம், அது அம்புலன்ஸ் வந்த நேரத்திலிருந்து இல்லை, ஆள் விழுந்த நேரத்திலிருந்து. கொழும்பு சுமார் 260 கிலோமீட்டர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று அந்த வீதியில் போனவர்களுக்கு எவ்வளவு நேரம் என்று தெரியும். கொழும்பிலோ கண்டியிலோ எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு நல்ல மெஷின் இருந்தாலும், நம் ஆள் கந்தளாயைத் தாண்டும்போதே கெடு முடிந்திருக்கும். அதுவும் அம்புலன்ஸ் உடனே வாசலில் நின்றால்.

ஹெலியில் கொண்டுபோக முடியாதா? சீனக்குடாவில் விமானப்படைத் தளம் இருக்கிறதே?

தளம் இருக்கிறது. ஆனால் விழுந்த ஆளை அங்கே கொண்டுபோய், ஹெலியைத் தயாராக்கி, ஏற்றி, கொழும்பு வரை பறக்கும் நேரம் மட்டுமே ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட. பறக்கும் நேரம் முழுக்க அந்தச் சின்ன இடத்துக்குள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கவும் வேண்டும். நடக்காது. இதயம் திரும்பி, நாடித்துடிப்பு இருக்கும் நோயாளியை இடம் மாற்றுவது வேறு கதை, அது நடக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் காசு சேர்த்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு எக்மோ மெஷின் வாங்கித் தரலாமா?

இந்தக் கேள்வி லண்டனிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் வாட்ஸ்அப்பில் வரும். நல்ல மனம், ஆனால் என் பதில் வேண்டாம் என்பதுதான். மெஷின் என்பது இதில் சின்னப் பகுதி. ஒட்சிசனேற்றியும் குழாய்களும் ஒரு நோயாளிக்கு ஒன்று, பாவித்தால் எறிய வேண்டும், பாவிக்காவிட்டாலும் காலாவதியாகும். இரவு பகலாக அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த பெர்ஃபியூஷனிஸ்ட் வேண்டும், நடுச்சாமம் இரண்டு மணிக்கும் அஞ்ஜியோ செய்யும் குழு வேண்டும், இரத்த வங்கியில் கையிருப்பு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அடிக்கடி செய்து கை பழகியிருக்க வேண்டும். நெதர்லாந்தின் பெரிய ஆஸ்பத்திரிகளே தடுமாறிய விஷயம் இது. வருடத்துக்கு ஓரிரண்டு பேருக்காக ஒரு மெஷினை வைத்திருந்தால் அது மூலையில் துணி போர்த்திக் கிடக்கும்.

அந்தக் காசுக்கு ஏ.ஈ.டி வாங்குங்கள், எரிக்சனுக்குக் கொடுத்தது போல மின் அதிர்ச்சி கொடுக்கும் சின்னப் பெட்டி. திறந்தால் அதுவே பேசும், எங்கே ஒட்டுவது என்று படம் போட்டிருக்கும், தேவையில்லாத ஆளுக்கு அதிர்ச்சி கொடுக்காது. பஸ் ஸ்டாண்டில் ஒன்று, மெக்கெய்சர் மைதானத்தில் ஒன்று, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் ஒன்று. கோணேஸ்வரத்தில் கட்டாயம் ஒன்று, கோட்டை வாசலிலிருந்து அந்த ஏற்றத்தில் பங்குனி வெயிலில் எத்தனை வயதானவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குகிறார்கள் என்று அங்கே போகிற எவருக்கும் தெரியும். ஏ.ஈ.டி வாங்கிய பிறகு பற்றரியை யார் பார்ப்பது, சாவியை யார் வைத்திருப்பது என்பதை எழுதி வையுங்கள். பூட்டிய அறைக்குள் இருக்கும் ஏ.ஈ.டி வெறும் பெட்டிதான்.

அப்போ கண் முன்னால் விழுந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சரியில்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பலர் ஏமாறும் ஒரு இடம் உண்டு. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் சிலர் குறட்டை போல, மீன் வாய் திறப்பது போல விட்டு விட்டு இழுப்பார்கள். "மூச்சு இருக்கு, மயக்கம்தான்" என்று சொல்லிச் சுற்றி நிற்பவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். அது மூச்சே இல்லை. இன்னும் சிலர் வலிப்பு என்று நினைத்துக் கையில் திறப்பைத் திணிப்பார்கள். அதற்கெல்லாம் நேரமில்லை.

அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு எடுத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு நிலத்தில் வையுங்கள். ஆளைக் கட்டிலில் விடாமல் தரையில் கிடத்துங்கள், மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்சின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை அதன் மேல் கோத்து, முழங்கையை மடக்காமல் 5 சென்றிமீட்டருக்குக் குறையாமல் அழுத்துங்கள், 6ஐத் தாண்டவும் வேண்டாம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள், அப்போதுதான் இதயத்துக்குள் இரத்தம் நிரம்பும். இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும், ஆள் மாறுங்கள், மாறும்போது நிறுத்தாதீர்கள். சி.பி.ஆர் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 வீதத்தைத் தின்றுவிடும்.

மினியாபொலிஸில் எழும்பி வீடு போன அந்த ஆறு பேரையும் போல, எக்மோவால் பிழைத்தவர்கள் எல்லாருமே மெஷினுக்கு முன்னால் யாரோ ஒருவரின் கையால் உயிரோடு வைத்திருக்கப்பட்டவர்கள். அந்த முதல் பகுதி திருகோணமலையிலும் செய்யக்கூடியது, செலவும் இல்லை.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினால் சுகமாகப் போய்விடலாமே?

மூச்சு நின்றவருக்கு இல்லை. ஆட்டோவின் பின் சீட்டில் மடித்து வைத்த ஆளுக்கு யாராலும் சி.பி.ஆர் செய்ய முடியாது. பாலையூற்றிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் பத்தே நிமிடம் என்றாலும், அந்தப் பத்து நிமிடமும் மூளைக்கு இரத்தம் இல்லை. விழுந்த இடத்திலேயே தொடங்குங்கள், அம்புலன்ஸ் உங்களிடம் வரட்டும். ஆள் நினைவோடு நெஞ்சு வலி என்று மட்டும் சொல்கிறார், அம்புலன்ஸ் வரச் சுணங்குகிறது என்றால் கிடைத்த வாகனத்தில் போங்கள், அது வேறு.

விலா எலும்பு உடைந்துவிடாதா?

உடையலாம். பொருந்திவிடும். தொடர்ந்து அழுத்துங்கள்.

கடலில் மூழ்கி எடுத்தவருக்கு? பனிக்கட்டிக்குள் விழுந்து மணிக்கணக்கில் இருந்தவர் பிழைத்தாராமே?

அது உண்மை. 1999இல் நோர்வேயில் அன்னா போகன்ஹோல்ம் என்ற பெண் பனிச்சறுக்கும்போது உறைந்த ஓடைக்குள் விழுந்து, பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கியிருந்தார். உடம்பு வெப்பநிலை 13.7 பாகைக்கு இறங்கியிருந்தது. இரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்கித் திருப்பி அனுப்பும் இதே வகை மெஷினால் மீட்டார்கள், பிறகு அவர் வைத்தியராகவே வேலை செய்தார். ஆனால் அவரது மூளை குளிர்ந்த பிறகுதான் இதயம் நின்றது, குளிரில் மூளைக்கு ஒட்சிசன் தேவை வெகுவாகக் குறைந்துவிடும். நிலாவெளிக் கடலோ மார்பிள் பீச்சோ அப்படி இல்லை. நம் கடல் சூடு. இங்கே மூழ்குகிறவரின் மூளை முதலில் ஒட்சிசன் இல்லாமல் தவித்து, அதன் பிறகுதான் இதயம் நிற்கிறது, அதனால் பிறகு போடும் எக்மோவுக்குப் பலன் குறைவு.

ஆகவே மூழ்கியவருக்கு மூச்சு கொடுப்பதுதான் முதல் வேலை. ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், அப்புறம் முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு என்று தொடருங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது, நம் கரையில் இன்னும் நடக்கும் இந்த மூன்றும் வேண்டாம். நேரம் போவதோடு, வயிற்றிலிருப்பது நுரையீரலுக்குள்ளும் போகும். சாதாரணமாக விழுந்தவருக்கு வெறும் அழுத்தம் மட்டும் செய்தாலும் போதும், மூழ்கியவருக்குப் போதாது.

வெளிநாட்டில் என் அண்ணாவை எக்மோவில் போட்டிருக்கிறார்கள். மொனிட்டரில் துடிப்பே இல்லை என்கிறார்கள். ஆள் உயிரோடு இருக்கிறாரா?

இருக்கலாம். பம்ப் இடைவிடாமல் ஒரே சீராகத் தள்ளுவதால், இதயம் இன்னும் வேலை தொடங்காத நாட்களில் நாடித்துடிப்பு இராது, கோடு ஏறக்குறைய நேராக ஓடும். ஆனால் இரத்த அழுத்தம் இருக்கும், தோல் சூடாக இருக்கும். பார்க்கப் போகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுக் கதறுவார்கள்.

மூளை எப்படி என்று முதல் நாளிலேயே கேட்டு டொக்டரை நெருக்க வேண்டாம். மயக்க மருந்து எல்லாம் இறங்கி, குறைந்தது 72 மணித்தியாலம் போன பிறகுதான் அதைப் பற்றி ஒழுங்காகச் சொல்ல முடியும். இதயம் தேறினால் சில நாட்களில் பம்பின் ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்து எடுப்பார்கள். இதயமும் தேறாமல், மூளையும் இல்லையென்று உறுதியானால் நிறுத்துவார்கள்.

பக்க விளைவுகள்?

நிறைய. இரத்தம் மெஷினுக்குள் உறையாமல் இருக்க ஹெப்பரின் கொடுப்பதால் இரத்தக்கசிவு, சில நேரம் மூளைக்குள்ளும். தொடை நாடியைக் குழாய் அடைப்பதால் அந்தக் காலுக்கு இரத்தம் போகாமல் கால் கறுக்கலாம், அதற்காகக் காலுக்கென்று தனியாக ஒரு மெல்லிய குழாய் விடுவார்கள். சிறுநீரகம் சோர்ந்து டயாலிசிஸ் தேவைப்படலாம். கிருமித் தொற்று. மெஷின் கீழிருந்து மேலே தள்ளும் அழுத்தத்தை எதிர்த்து அடிக்க முடியாமல் பலவீனமான இதயம் வீங்கலாம்.

1990க்கு எடுத்தால் தமிழில் கதைப்பார்களா? காசு எவ்வளவு?

தமிழில் கதைப்பார்கள், சிங்களம், ஆங்கிலமும் உண்டு. காசு இல்லை. வீட்டு இலக்கத்தை விட அடையாளம் சொல்வது வேகம். என்.சி. வீதியா, உவர்மலையா, எந்தக் கோயிலுக்கு அல்லது பள்ளிவாசலுக்கு எதிர் ஒழுங்கை என்று சொல்லுங்கள், ஒரு பிள்ளையைச் சந்தியில் நிற்கவிட்டு வண்டி வந்ததும் கை காட்டச் சொல்லுங்கள். "மூச்சு இல்லை, நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறோம்" என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள், அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள்.